பெயர் இல்லாத மாத்திரை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் நீ நம்பிவிடுவாய் என்பதால் விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் வெறுமனே உம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று கோபித்துக்கொண்டாய். விடுதிப் போன் வார்டன் மேஜையில் இருக்கிறது, அக்கா. பேசி முடிக்கும்வரை அவள் என் தோளுக்குப் பின்னாலேயே நிற்பாள். விடுதிக்கு வரும் கடிதங்களையும் அவள் பிரித்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். அதனால் கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் இதைக் கொடுக்கிறேன். தபாலில் சேர்த்துவிடுவார். பதிலையும் அந்தக் கடை விலாசத்துக்கே போடு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லைனில் நாற்பத்தெட்டுப் பேர் சட்டைக் காலர் தைக்கிறோம். அத்தனை பேருக்கும் சேர்த்துக் கழிவறைக்கு இரண்டே டோக்கன். சிவப்புப் பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் கழுத்தில் தொங்கும். ஒருத்தி போய்த் திரும்பினால்தான் இன்னொருத்தி எழுந்திருக்கலாம். என் பக்கத்து மெஷின்காரி ஒருநாள் காலை பத்து மணிக்குச் சொல்லிவைத்தாள். டோக்கன் அவள் கைக்கு வந்தபோது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இதற்குப் பயந்து பாதிப்பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம்.

சரி, மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வயிற்றுவலிக்கு என்று சொல்லி முதலுதவி அறையில் ஒரு மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது வலி இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. சூப்பர்வைசர் மெஷின் மெஷினாக வந்து பொட்டலம் வைத்துவிட்டுப் போகிறார். சரக்கு அனுப்பும் மாதமென்றால் தினமும் இரண்டு. முழுங்கும்வரை நின்று பார்க்கிறார். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. சின்ன வெள்ளை மாத்திரை, வெள்ளைத் தாளில் மடித்தது. எனக்கு மூன்று மாதமாக விலக்கு ஆகவில்லை. மார்பு கனக்கிறது, தலை சுற்றுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. காரணத்தோடு வருவது வேறு கணக்கு.

முதலுதவி அறையில் இருக்கும் நர்சிடம் மாத்திரையின் பெயரைக் கேட்டேன். "பேரு தெரிஞ்சு என்ன பண்ணப்போற, அதுக்கு ஜாதகமா பாக்கப்போற?" என்றார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஒன்றை முழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்தேன். இன்னொன்றை, சூப்பர்வைசர் திரும்பிய நேரம் பார்த்து, மடித்த தாளோடு அப்படியே எடுத்துவந்து இந்தக் கடிதத்தில் வைத்திருக்கிறேன். நீ பதினோரு வருஷ நர்ஸ். உனக்குப் பார்த்தாலே தெரியும். இது என்னவென்று சொல்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சௌக்கியம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மாமாவுக்கு முதுகுவலி. பஸ் சீட்டில் ஒரு தலையணை வைத்து ஓட்டுகிறார், கண்டக்டர் கிண்டல் செய்கிறாராம்.

மாத்திரையைப் பார்த்தேன். சத்து மாத்திரை போலத்தான் தெரிகிறது. பெயர் சரியாகச் சொல்ல முடியவில்லை. எதற்கும் நீ இனிமேல் அதைச் சாப்பிடாதே. கொடுத்தால் வாங்கிக்கொள், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள், பிறகு துப்பிவிடு. மற்றவர்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த நர்சிடமும் இனி எதுவும் கேட்காதே.

உனக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதை மறந்துவிடாதே. எங்கள் பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதால் கிடைத்தது. எனக்கு முதலாளி, உங்கள் கம்பெனிக்கு மருத்துவ ஆலோசகர். நீ அங்கே தும்மினால் எனக்கு இங்கே கேட்கும். அம்மா போன பிறகு உன்னைப் படிக்கவைத்து ஒரு இடத்தில் உட்காரவைக்க நான் என்ன பாடுபட்டேன் என்று சொல்லிக்காட்டுவது எனக்கே பிடிக்கவில்லை. சொல்லவைக்காதே.

நிறையத் தண்ணீர் குடி. டோக்கன் விஷயம் எழுதியிருந்தாய், மறக்கவில்லை. இருந்தாலும் குடி.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. பத்துத் தடவை படித்தேன். சத்து மாத்திரை என்றால் நீ ஏன் என்னைச் சாப்பிடாதே என்கிறாய்? சின்ன வயசில் கசப்பு டானிக்கைக்கூட என் மூக்கைப் பிடித்து ஊற்றியவள் நீ.

பதினேழாம் தேதி நிறுத்தினேன். இருபதாம் தேதி விலக்கு ஆனது. ஒன்பது நாள், அக்கா. மூன்று மாதத்துக்கும் சேர்த்து வட்டியோடு. பயந்துபோனேன். பிறகு தானாக நின்றது.

பேசாதே என்று சொன்னாய். நான் பேசிவிட்டேன். பக்கத்து மெஷின்காரிக்குச் சொன்னேன், அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள், நான்கு நாளில் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. "எங்க அக்கா நர்ஸு, அவங்களே வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். உன் வார்த்தைக்கு எங்கள் லைனில் அவ்வளவு மதிப்பு. எல்லாரும் துப்ப ஆரம்பித்தார்கள். மெஷினுக்கு அடியில் பெருக்க வந்த அம்மா, "என்னம்மா இது, மல்லிப்பூ கொட்டிக் கெடக்கு" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண்ணுக்கு அவசரம். அவளைக் குருவி என்று கூப்பிடுவோம். பத்தொன்பது வயசு, உட்கார்ந்த இடத்திலேயே தத்திக்கொண்டிருப்பாள். அன்றைக்குத் தத்தவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டோக்கன் கேட்டாள். சூப்பர்வைசர், "இப்பத்தானே போன?" என்றார். அவள் பாவாடை ரத்தத்தில் நனைந்திருந்தது. அது அவர் கண்ணிலும் பட்டது, அக்கா. பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மெஷினை நிறுத்தினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன், கை போய்விட்டது. எழுந்து குருவியின் கையைப் பிடித்தேன். பக்கத்து மெஷின்காரியும் நிறுத்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதை நீ கேட்டிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு மெஷினும் நின்றபோது கூரையில் மின்விசிறி கிறீச்சிடுவது முதல்முறையாகக் காதில் விழுந்தது.

ஃப்ளோர் மேனேஜர் ஓடிவந்தார். "எல்லாரும் எங்க போறீங்க?"

"ஒண்ணுக்கு" என்றேன்.

"நாப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல வருதா?"

என் பின்னால் நின்ற ஒரு பெரியவள், லைனிலேயே மூத்தவள், இரண்டு பேரன்கள் உள்ளவள், அதுவரை வாயே திறக்காதவள், "வருஷக்கணக்கா அடக்கி வச்சது தம்பி, ஒண்ணாத்தான் வரும்" என்றாள்.

போனோம். வரிசையாக, டோக்கன் இல்லாமல், அவசரப்படாமல். உள்ளே நான்கு கதவுகள்தான். நாற்பது நிமிஷம் ஆனது. யாரும் திரும்பி ஓடவில்லை.  எனக்கு வாயெல்லாம் சிரிப்பு.

மறுநாள் டோக்கன் ஐந்தாகிவிட்டது. எங்களுக்கு ஐந்து வேண்டாம், டோக்கனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாத்திரை என்றால் அட்டையும் பெயரும் வேண்டும், பெண் டாக்டர் ஒருவர் எங்களைப் பரிசோதித்த பிறகே தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். வேலை போனால் போகட்டும், உனக்குத் தும்மல் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

இப்போது ஒரே கவலை குருவிதான். பதினாலு மாதம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவள். நிறுத்திப் பன்னிரண்டு நாளாகிறது, உதிரப்போக்கு நிற்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. எனக்கு நின்ற மாதிரி அவளுக்கும் தானாக நிற்குமா? சீக்கிரம் எழுது.

உன் தங்கை

*

மார்ச் 11

என் கண்ணே,

உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. அன்றைக்கே கிளம்பி வந்திருக்க வேண்டும், அல்லது அந்த டீக்கடைக்காவது ஆள் அனுப்பியிருக்க வேண்டும். நான் இரண்டு நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒன்பதாம் தேதி மதியம் கம்பெனி வண்டியில் குருவியை இங்கேயே, எங்கள் ஆஸ்பத்திரிக்கே, கொண்டுவந்துவிட்டார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. நான்கு பாட்டில் ஏற்றியிருக்கிறோம். நேற்று எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க எங்க வாயாடியோட அக்காவா?" என்று கேட்டாள். ஜாடை தெரிகிறதாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

இனிமேல் மறைப்பதற்கில்லை. நீ அனுப்பியது சத்து மாத்திரை இல்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. டாக்டர் பரிசோதித்து, சில நாட்களுக்கு மட்டும் தர வேண்டியது. மாதக்கணக்கில் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உதிரம் கொட்டும், முக்கியமாக ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு. பொட்டலத்தைப் பிரித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொட்டலத்தை மடித்தது நான். சனிக்கிழமை மதியங்களில் எங்கள் ஸ்டோர் ரூமில் மூன்று நர்சுகள் உட்கார்ந்து அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கித் தாளில் மடிப்போம். இலவச முகாமுக்கு என்று பெரிய டாக்டர் சொன்னார். இரண்டு வருஷமாக மடிக்கிறேன். எந்த முகாமில் அட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்ற பயம்.

பாப்பாவின் படிப்பு, உன் வேலை, என் வேலை என்று மனசுக்குள் ஏதேதோ அடுக்கிவைத்திருந்தேன். இப்போது குருவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதில் ஒன்றுகூட வாயில் வரமாட்டேன் என்கிறது.

உன் அக்கா

*

மார்ச் 17

உன் கடிதம் வந்தது.

நிறுத்து என்று சொன்னாய். நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லவில்லை. உன் பேச்சை நம்பி நாற்பத்தெட்டுப் பேரை நிறுத்தச் சொன்னவள் நான். குருவியை வண்டியில் ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. என் அக்கா இருக்கும் ஆஸ்பத்திரி என்று தெரிந்ததும் தைரியமாகப் போனாள்.

ஒரு வரி போதுமாயிருந்தது. 'ரத்தப்போக்கு அதிகமானால் உடனே டாக்டரிடம் போ.' இந்த ஒரு வரியை எழுத உனக்குப் பெரிய டாக்டரின் அனுமதி வேண்டியிருந்ததா?

நீ என்னைப் படிக்கவைத்தாய், உண்மை. அதற்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால் நீ எனக்குப் படிப்புக் கொடுக்கவில்லை, பூட்டுக் கொடுத்திருக்கிறாய்.

அழுது கடிதம் எழுதாதே. நாங்கள் தொழிலாளர் நல அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். மாத்திரையே கொடுக்கவில்லை என்று கம்பெனி சொல்கிறது. எங்களிடம் அட்டை இல்லை, பெயர் இல்லை, சீட்டு இல்லை. எல்லாம் உங்கள் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

*

ஏப்ரல் 5

என் தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். செய்து முடித்த பிறகுதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் கையில் கிடைத்த அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். பெரிய டாக்டர் குருவியின் கேஸ் ஷீட்டில் 'ரத்தசோகை, சரியான உணவு இல்லை' என்று எழுதியிருந்தார். மருந்து ஏதும் உட்கொள்ளவில்லை என்று என்னை எழுதச் சொல்லியிருந்தார். நான் நர்சுகள் எழுதும் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'வேலை செய்யும் இடத்தில் கொடுக்கப்பட்ட மாத்திரையைப் பதினாலு மாதம் உட்கொண்டதாக நோயாளி சொல்கிறார். அந்த மாத்திரை இந்த மருத்துவமனை ஸ்டோரிலிருந்து போனது. அதைப் பொட்டலம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.' மாத்திரையின் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டு நேரமும் எழுதினேன். மூன்று மணி பத்து நிமிஷம்.

நான்கு மணிக்கு அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னம்மா எழுதி வச்சிருக்க?"

"நோயாளி சொன்னது சார். நான் செஞ்சதும்."

"நீயே செஞ்சேன்னு எழுதினா முதல்ல உன் லைசென்ஸ்தான் போகும். யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதிக் கொண்டா."

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் இருக்கு சார். போன வருஷம் நீங்கதான் போடச் சொன்னீங்க."

 பதினோரு வருஷத்தில் அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குக் கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டேன். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே ஸ்டோர் ரூமில் எரிக்கக் கட்டிவைத்திருந்த காலி அட்டைகள் ஒரு பையில் என்னுடன் வெளியே வந்துவிட்டன. என் கூடப் பொட்டலம் மடித்த இரண்டு பேரில் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டாள், இன்னொருத்தி பார்க்காத மாதிரி நின்றாள். இரண்டு பேருக்கும் நன்றி.

பையை மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். முதல் நாள் நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் பெரியவர் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். கொடுத்தார்கள். அதன் நகல் இதோடு இருக்கிறது. என் வாக்குமூலத்தின் நகலும் இருக்கிறது. உங்கள் மனுவோடு சேர்த்துக்கொள்.

நர்சிங் கவுன்சில் என்னை விசாரிக்கப்போகிறது. விசாரிக்கட்டும். கேட்கவேண்டியதைக் கேட்கட்டும், நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். மாமாவிடம் எல்லாம் சொன்னேன்.  சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல்தடவை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து உன்னைச் சமாதானப்படுத்தப்போவதில்லை.

உன் அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

நகல்கள் கிடைத்தன. பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். கோபம் பாதி, வேலை பாதி.

விசாரணை நடந்தது. அதற்கு முன்னால் கம்பெனி ஒரு தாளைக் கொண்டுவந்தது. 'என் விருப்பத்தின் பேரிலேயே மாத்திரை உட்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. மாத்திரையே கொடுக்கவில்லை என்றவர்கள், உன் பை வெளியே வந்ததும் விருப்பத்தோடு கொடுத்தவர்களாகிவிட்டார்கள். நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போடவில்லை. ஏழு பேர் போட்டார்கள். அந்த ஏழு பேரோடும் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவரவர் வீட்டில் என்னவோ.

தொழிலாளர் நல அதிகாரி நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். ஆனால் எங்களைப் பார்த்து, "அந்த... பொம்பளைங்க பிரச்சினைக்குத்தானே மாத்திரை குடுத்தாங்க?" என்றார். எங்கள் பெரியவள் எழுந்து, "மாதவிலக்கு சார். எழுதிக்கோங்க. பிரச்சினை அது இல்ல, இவங்க" என்று மேனேஜரைக் காட்டினாள். எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே அவள் உட்கார்ந்தாள். அடுத்து உன் வாக்குமூலத்தைப் படித்தார்கள். உங்கள் பெரிய டாக்டர் அனுப்பிய வக்கீல், வேலையை விட்டு நீக்கிய கோபத்தில் நீ எழுதியது என்றார். குருவியின் கேஸ் ஷீட்டில் நீ எழுதிய நேரமும் தேதியும் நீக்கலுக்கு முந்தினது என்று அதிகாரியே சொல்லிவிட்டார். வக்கீல் தண்ணீர் கேட்டார்.

மாத்திரை நின்றுவிட்டது. டோக்கனும் போய்விட்டது. கழிவறைக் கதவுகள் இப்போது ஏழு. பெண் டாக்டர் வாரம் ஒருமுறை வருகிறார், நாங்கள் கேட்டு வாங்கியவர். டாக்டர் மேலும் கம்பெனி மேலும் வழக்கு நடக்கும் என்கிறார்கள். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. என்னை இஸ்திரிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தனியாக வைத்தால் அடங்குவேன் என்று நினைப்பு. இங்கே முப்பது பேர் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் நிற்கிறாள். நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதே. காலையில் மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது, குருவி மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்தால் இல்லை. நீ செய்ததும் எனக்குத் தெரியும், செய்யாததும் தெரியும். ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க எனக்கு வரவில்லை.

வருகிற ஞாயிறு இரண்டு மணிக்கு டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் எங்கள் லைன் முழுவதும் கூடுகிறோம். நீ வர வேண்டும். ஒருத்திக்கு இன்னும் மார்பில் வலி போகவில்லை. ஒருத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம், குழந்தை பிறக்குமா என்று கேட்க வெட்கப்பட்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறாள். பெரியவள் தன் மகளும் இதே மாத்திரையை வேறொரு கம்பெனியில் சாப்பிடுகிறாள் என்கிறாள். எல்லாருக்கும் பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். யாரை எந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடு. நீதான் பொட்டலம் மடித்தாய் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் சொல்லிவிட்டேன். சிலர் உன்னைத் திட்டுவார்கள். வாங்கிக்கொள். நான் குறுக்கே வரமாட்டேன்.

முதலில் என்னிடம் வராதே. குருவி முன்வரிசையில் இருப்பாள், அவளிடம் போ.

எல்லாரும் போன பிறகு அந்த அறையில் நாம் இரண்டு பேர்தான் இருப்போம். அப்போது என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பேசும்வரை உட்கார்ந்திருப்பேன்.

பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே நடப்பதை அவளும் கேட்கட்டும்.

உன் தங்கை